இலையில் என்ன இருக்கிறது?

*சுங்கைப் பட்டாணியில் வெளியே சாப்பிடப் போகும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி. கடைகள் பதில் சொல்லப் பழக வேண்டிய கேள்வி*

அக்கா மகனுக்கு அப்போது 6 வயது. நிலக்கடலை நாக்கில் பட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் உதடு தடித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுங்கைப் பட்டாணி பட்டணத்துக் கடை ஒன்றில் குடும்பத்தோடு பசியாற உட்கார்ந்தோம். தோசை வந்தது, கூடவே வெள்ளைச் சட்னி.

“தம்பி, சட்னியில கடலை போட்டிருக்கா?” என்று அக்கா கேட்டார்.

பரிமாறிய இளைஞர் நல்ல பிள்ளை. ஊரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். சிரித்த முகத்தோடு, “தேங்காச் சட்னிதான் அக்கா. ஒன்னும் ஆகாது, குடுங்க” என்றார்.

தேங்காய் விலை ஏறியிருந்த நேரம் அது. சட்னி கெட்டியாக வர, ஒரு பிடி வறுத்த நிலக்கடலையையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள். அரைத்தவருக்கு அது தெரியும். பரிமாறியவருக்குத் தெரியாது. இரண்டாவது வாயிலேயே பிள்ளை இருமத் தொடங்கினான். முகம் வீங்கியது, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு சீரானது, எங்களுக்கு உயிர் வந்தது.

அந்த இளைஞர் மீது எங்களுக்குக் கோபமில்லை. அவர் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆனால் ‘ஒன்னும் ஆகாது’ என்ற அந்த இரண்டு சொற்களை அன்றிலிருந்து நான் கவனித்து வருகிறேன். சுங்கைப் பட்டாணியில் மட்டுமா, பீடோங்கிலும் கூலிமிலும் படாங் செராயிலும் சாப்பாட்டுக் கடைகளில் அன்றாடம் புழங்கும் சொற்கள் அவை. உபசரிக்கும் ஆசையில் வருகிற சொற்கள்தாம். ஒரு குழந்தையின் உயிரை அவற்றின் கையில் விட்டுவிட முடியாது.

ஒரே மேசை, நான்கு தேவை

இன்று நம் குடும்பம் ஒன்று வெளியே சாப்பிடப் போனால் மேசையைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்குக் கடலையோ முட்டையோ ஆகாது. செமலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்று நனிசைவத்துக்கு மாறியிருக்கிறாள். புரட்டாசி வந்துவிட்டால் மாமாவும் மரக்கறிதான். தைப்பூச விரதக் காலத்தில் வீடு முழுவதும் மரக்கறி.

முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுச் சாப்பாடே கதி என்று இருந்துவிடுவோம். இன்று வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். வாரத்தில் பல வேளை வெளிச் சாப்பாடுதான். கடைக்காரரின் அகப்பை நம் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம்.

தீர்மானிக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். அதே ஆய்வில் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறியும் பழமும் சாப்பிடவில்லை என்று தெரிய வந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தோ உடல் பருத்தோ இருந்தார்கள்.

காய்கறி கூடிய, எண்ணெயும் சீனியும் குறைந்த, உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாகச் சொல்கிற ஒரு கடை இந்த நான்கு தேவைக்கும் ஒருசேரப் பதில் சொல்லும். அப்படிப்பட்ட கடையைப் பட்டணத்துப் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் அன்றாடத் தேவையாகத் தெரிகிறது.

லயத்துப் பாத்தியில் இருந்த மருந்து

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லயத்து வீட்டின் பின்புறம் நினைவிருக்கும். முருங்கை ஒன்று, வாழை நாலு, பசலைக்கொடி, வல்லாரை, மரவள்ளி, வெண்டை, கத்திரி. சம்பளம் போதாத வீட்டில் குழம்புக்கு அந்தப் பாத்திதான் கைகொடுத்தது. கறி சாப்பிடுவது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும். மற்ற நாளில் கீரை, பருப்பு, கருவாடு, எப்போதாவது டின் மீன். ஜப்பான்காரன் காலத்தில் அரிசியும் இல்லாமல் மரவள்ளிக் கிழங்கே உணவாக இருந்ததைப் பாட்டி தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது வறுமையின் சாப்பாடு. அதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. பசியோடு படுத்த பிள்ளைகளும் அந்த லயங்களில் இருந்தார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், நிரை பிடித்து 400, 500 மரம் வெட்டி, பால் தூக்கி நடந்த உடம்பு அது. ஒரு தட்டு சோறு அந்த வேலையில் எரிந்துவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. சனம் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனது. பாத்தி போனது, நடை போனது. சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்தது. கூடவே கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய தே தாரேயும், எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாயும், இரவு மாமாக் கடைப் பழக்கமும் சேர்ந்துகொண்டன.

நம் வயிற்றுக்குள் என்ன போக வேண்டும் என்று இந்த வட்டாரத்து உழைப்பாளிகள் துணிந்து கேட்ட காலம் ஒன்றும் உண்டு. போர் முடிந்த கையோடு, பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். உழைத்த கூலியைக் கள்ளுக்கடையிலேயே பறிகொடுக்கக் கூடாது என்றார்கள். 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் நடந்து உயிரும் போனது. அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். கடையில் உட்கார்ந்து “இதுல என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்க நமக்குக் கூச்சம் எதற்கு?

சைவம் என்றால் பத்திரமா?

அக்கா மகனுக்கு அப்படி ஆன பிறகு நாங்கள் முதலில் எடுத்த முடிவு, இனி சைவக் கடைக்கு மட்டும் போவது என்பது. அது பாதி சரி. இறாலும் நண்டும் ஒவ்வாதவர்களுக்கு அது நிம்மதி தரும். இந்த நாட்டில் பெரியவர்களுக்கு அதிகம் ஒவ்வாத உணவுகளில் அவை முன்னால் நிற்கின்றன. மற்றக் கடைகளில் சும்மா கங்கோங் கீரை வதக்கல் என்று கேட்டாலும் உள்ளே பெலாச்சான் இருக்கும், அது இறால். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி இருக்கும்.

மீதிப் பாதியை வாழையிலையே சொல்லும். ஒரு முழுச் சைவச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவு கலந்துதான் அது விற்கப்படுகிறது, பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை. கோதுமையின் குளூட்டன் ஆகாத ஒருவர் வெறும் ரசம் சோறு சாப்பிட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது இதனால்தான். பொரியலில் கடுகு தாளிப்பு. குருமாவில் முந்திரி விழுது. அவியலில் தயிர். ஊறுகாயிலும் இட்லிப் பொடியிலும் நல்லெண்ணெய், அதாவது எள். பாயசத்தில் பால், முந்திரி, சேமியா. சேமியா கோதுமைதான். மோர் மிளகாய் தயிரில் ஊறியது. நாம் விரும்பிக் கேட்கும் ‘சைவ மட்டன்’ சோயாவும் கோதுமைப் புரதமும் சேர்ந்தது, சில வகைகளில் முட்டை வெள்ளையோ பால் புரதமோ இருக்கும். அப்பளம் உளுந்துதான், ஆனால் அது பொரிந்த சட்டியில் அதற்கு முன் என்ன பொரிந்தது?

பலருக்குப் புரியாத இடம் இந்தச் சட்டிதான். ஒவ்வாமைக்கு அளவு பெரிதில்லை. உடம்பின் காவல் படை ஒரு புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்து வைத்திருக்கிறது. துளி பட்டாலும் அது பாயும். வறுத்தாலும் பொரித்தாலும் நிலக்கடலையின் அந்தப் புரதம் செத்துப்போகாது. கடலைச் சட்னியில் முக்கிய கரண்டியைத் தேங்காய்ச் சட்னியில் போட்டால், கடலை ஒவ்வாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் புரதம் போகும். கிருமிநாசினி ஜெல்லைத் தடவினால் போகாது. நிலக்கடலை ஒவ்வாத சிலருக்கு அதே குடும்பத்துச் செடியான வெந்தயமும் ஆகாமல் போவதுண்டு. தோசை மாவில் வெந்தயம் போடுகிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா?

பால் குடித்தால் வயிறு பொருமுவது வேறு, பால் புரதம் ஒவ்வாமல் மூச்சு அடைப்பது வேறு. முன்னது தொல்லை, பின்னது ஆபத்து. இரண்டையும் ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லால் சொல்லிச் சொல்லி, கடைக்காரர்களுக்கு எதை எவ்வளவு பொருட்படுத்துவது என்று தெரியாமல் போய்விட்டது. இதில் வாடிக்கையாளராகிய நம் பங்கும் உண்டு. பிடிக்காததை எல்லாம் அலர்ஜி என்று சொல்லிவிடுகிறோம்.

நம் அடுப்பில் ஏற்கெனவே இருப்பது

சுங்கைப் பட்டாணியின் மலாய்ப் பெயர் சுங்கை பெத்தானி. மலாயில் பெத்தானி என்றால் உழவர். பத்தானி மக்கள் வந்து குடியேறியதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எப்படியோ, நம் நாவில் இந்த ஊர் பட்டாணி ஆகிவிட்டது. ஜெராய் மலைக்கு அப்பால் வடக்கே போனால் மூடா நீர்ப்பாசனத்தில் விளையும் நெல் வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நாட்டின் நெற்களஞ்சியம் என்று கெடாவுக்குப் பெயர். இந்த மண்ணின் தானியம் அரிசி. அரிசியில் குளூட்டன் இல்லை.

மேல்நாட்டில் கோதுமை ஆகாதவர்களுக்கென்று தனி ரொட்டி செய்யப் பெரும்பாடு படுகிறார்கள். நம்மிடம் இட்லி இருக்கிறது. அரிசி, உளுந்து, உப்பு, நீராவி, அவ்வளவுதான். இடியாப்பம் இருக்கிறது, அரிசிப் புட்டு இருக்கிறது, ஆப்பம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ் இருக்கிறது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் இருக்கிறது. கீரை மசியல், கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பூ வடை, முருங்கைக்காய்ச் சாறு எல்லாம் செடியிலிருந்தே வருபவை. பக்கத்து மலாய் வீட்டுக்காரர்கள் உலாம் என்று பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் இலைகளில் பெகாகா நம் வல்லாரைதான். ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது மஞ்சள் கொடி கட்டிய சீனச் சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. இத்தனை மரக்கறி மரபுகள் ஒரே ஊரில் கூடியிருப்பது பெரிய கொடை.

செடி உணவு என்பதாலேயே அது உடம்புக்கு நல்லது ஆகிவிடாது. இனிப்பு நீர் உள்ளவர் நான்கு தோசை சாப்பிட்டுச் சீனி போட்ட கோப்பியும் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்லிவருகிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். வாழையிலைச் சாப்பாட்டில் இதைச் செய்வது மிக எளிது. இலையில் காய்களுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று காய் ஒரு கரண்டி வீதமும் சோறு மலை மாதிரியும் வைப்பதை மாற்றி, காயை இரண்டு கரண்டியாக்கிச் சோற்றைப் பாதியாக்கினால் போதும்.

திருக்குறளில் 95ஆவது அதிகாரத்தின் பெயர் ‘மருந்து’. அங்கே வள்ளுவர் பெரிதும் பேசுவது சாப்பாட்டைப் பற்றி. அவரவர் உடம்புக்கு ஒத்ததை, முன்பு உண்டது செரித்த பிறகு, அளவறிந்து உண்ணச் சொல்கிறார். ஒவ்வாமை என்ற சொல்லுக்கு நேர் எதிர்ச் சொல்லே ‘ஒத்தது’தானே.

சட்டம் நின்ற இடம்

மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் கோதுமை போன்ற குளூட்டன் தானியம், நிலக்கடலையும் சோயாவும் உள்ளிட்ட கொட்டைகள், மீன், பால், முட்டை இவை இருந்தால் அட்டையில் எழுதியாக வேண்டும். அதனால்தான் பேரங்காடியில் பிஸ்கட் வாங்கும்போது அக்காவுக்குப் பதற்றம் இல்லை. அதே பொருள்கள் தோசைக் கல்லுக்கு வந்துவிட்டால் எழுத்து மறைந்துவிடுகிறது, வாய்ச்சொல் மட்டும் மிஞ்சுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த நட்டாஷா என்ற 15 வயதுப் பெண் 2016இல் ஒரு ரொட்டி சாப்பிட்டு இறந்தாள். மாவில் கலந்திருந்த எள் அட்டையில் எழுதப்படவில்லை. அவள் பெற்றோர் ஓயாமல் போராடியதால், கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி வைக்கும் உணவிலும் சேர்மானங்களை எழுத வேண்டும் என்ற சட்டம் அங்கே 2021 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது.

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். 2019 ஜனவரி முதல் தேதி சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். இன்று மேசைக்கு மேசை சாம்பல் கிண்ணம் இருந்த காலம் பிள்ளைகளுக்கே தெரியாது. அதே ஆண்டு ஜூலையில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு வரி வந்தது. உணவு கையாள்வோர் எல்லாரும் பயிற்சிக்குப் போகிறார்கள், தைபாய்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சுவரில் ஊராட்சி மன்றத்தின் தூய்மைத் தரச் சான்று தொங்குகிறது. அதன் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்ட இடம் இல்லாமலா போகும்?

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

புதிய கடை கட்டச் சொல்லவில்லை. இருக்கும் கடையிலேயே சிலவற்றைச் செய்யலாம்.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நேராக, அதில் கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், சோயா, கடுகு, மீன், இறால் எது உண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வையுங்கள். தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். வேலையாள் மாறினாலும் தாள் மாறாது.

சட்னிக்குச் சட்னி தனிக் கரண்டி. நிலக்கடலைச் சட்னியைக் கடைசியில் அரையுங்கள், தனிக் கிண்ணத்தில் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். அப்பளத்துக்கென்று ஒரு சட்டி ஒதுக்குங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள். நெய்யைச் சமைக்கும்போது ஊற்றாமல் மேசையில் வையுங்கள். வேண்டுவோர் விட்டுக்கொள்ளட்டும், நனிசைவப் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடட்டும். தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) கேட்பவரை வினோதமாகப் பார்க்காதீர்கள். தண்ணீரைக் கேட்காமலே வையுங்கள்.

சோறு போடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. வள்ளலார் வடலூரில் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இந்த நாட்டில், சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவிய நுண்கலைக் கோயிலின் அன்னலட்சுமி உணவகம், விலைப்பட்டியல் இல்லாமல், மனமுவந்து கொடுப்பதை வாங்கிக்கொண்டு சைவச் சாப்பாடு பரிமாறிக் காட்டியது. இவ்வளவு பெரிய மனசோடு கொடுக்கத் தெரிந்த நமக்கு, கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று சொல்வது சிறிய வேலை.

சாப்பிடப் போகிறவர்களுக்கு

கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். பரிமாறுபவரிடம் கேட்பதோடு நிற்காமல், சமைப்பவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ‘கடலை இருக்கா?’ என்பதைவிட ‘இதில் என்னென்ன போட்டு அரைச்சீங்க?’ என்று கேட்டால் உண்மை வரும். மலாய்க் கடைக்கும் மாமாக் கடைக்கும் போக, ‘சாயா அலா பாடா காச்சாங் தானா’ (எனக்கு நிலக்கடலை ஒவ்வாது) என்று ஒரு சிறு அட்டையில் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் வீட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், கூடவே எடுத்துப் போங்கள். மூச்சுத் திணறல் வந்துவிட்டால் அரிப்பு மாத்திரை போதாது. தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி, உடனே 999.

உண்மையான பதில் கிடைத்த கடைக்கு நன்றி சொல்லுங்கள், திரும்பப் போங்கள். கடைக்காரர் மாறுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அக்கா மகனுக்கு இப்போது 9 வயது. போன மாதம் பீடோங் போகும் வழியில் சின்னக் கடை ஒன்றில் நிறுத்தினோம். ஒரு நடுத்தர வயது அம்மா மட்டும் அடுப்படியில் நின்றார். இந்த முறை அக்கா கேட்கவில்லை, பிள்ளையே எழுந்து போய்க் கேட்டான்: “ஆண்ட்டி, சாம்பார்ல என்னென்ன போட்டிருக்கீங்க?”

அவர் பருப்பு, கத்திரிக்காய், புளி என்று சொல்லிக்கொண்டே வந்து, பெருங்காயத்தில் நின்றுவிட்டார். “அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலயே கண்ணு. இரு, பாத்துட்டு வரேன்” என்றார்.

உள்ளே போய் மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கோதுமை மாவு இருந்தது. நிலக்கடலை இல்லை. அம்மியோரம் இருந்த சட்னியையும் அவரே நகர்த்தி வைத்தார். “இதுல பொட்டுக்கடலை போட்டேன், நிலக்கடலை இல்ல. ஆனா அதே மிக்ஸில நேத்து நிலக்கடலை அரைச்சேன். உனக்கு வேணாம்” என்றார். பிள்ளை நான்கு இட்லியும் சாம்பாரும் முருங்கைக்கீரைப் பொரியலும் சாப்பிட்டான். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

இந்தக் கட்டுரைக்காக மீண்டும் அங்கே போனேன். கல்லாவுக்கு மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மார்க்கர் பேனாவால், கொஞ்சம் கோணலான கையெழுத்தில், முதல் வரி: ‘சாம்பார், ரசம் – கோதுமை (பெருங்காயத்தில்).’ அதற்குக் கீழே எழுத இன்னும் நிறைய இடம் விட்டிருந்தார்.